எட்டாம் நம்பர் வாத்துச் செருப்பு

அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க, இந்தக் காலை மட்டும் கொஞ்சம் உங்க பக்கமா நீட்டிக்கிடுதேன். மடக்குனா உயிர் போவுது. ஆமா, வீங்கித்தான் இருக்கு. செருப்பைக் கழட்டிப் பையில போட்டு மேல வச்சிட்டேன். முப்பத்தொரு வருசம் செருப்புக் கடையில நின்னவன் வெறுங்காலோட பஸ்ல போறான், பாத்துக்கிடுங்க.

தூத்துக்குடிதான் நமக்கு. பேரு லிங்கதுரை. பஜார்ல பெரிய செருப்புக் கடை. சேல்ஸ்மேனாச் சேந்து சீனியர் சேல்ஸ்மேனா ரிட்டையர் ஆனேன். ஆளு படியேறும்போதே காலைப் பாத்து நம்பரைச் சொல்லிருவேன். அளவு எடுக்குத பலகை ஒண்ணு கடையில கெடந்துச்சு, நான் அதைத் தொட்டதே கெடையாது. இப்பம் உங்க ஷூவைச் சொல்லட்டா? ஒம்பது. என்னது, பத்தா? அப்பம் உங்களுக்கு வித்தவன் சரியில்ல அண்ணாச்சி. உங்க காலு ஒம்பதுதான்.

கேட்ட சைஸ் கடையில இல்லைன்னா மத்தவன் 'இல்லைங்க'ன்னு அனுப்பிருவான். நான் அனுப்ப மாட்டேன். லூசா இருக்கா, உள்ள ஒரு ஸ்பாஞ்சு அட்டை. பிடிக்குதா, குதிகால்ல கொஞ்சம் தேங்காண்ணெய். 'ரெண்டு நாளு கடிக்கும், போடப் போட சரியாயிரும்'னு சொல்லி, கார்ப்பெட்டுல நாலு எட்டு நடக்க விட்டு, டப்பாவுல போட்டுக் கையில குடுத்துருவேன். முதலாளி எல்லார் முன்னாடியும் சொல்லுவாரு, 'இல்லைங்கிற வார்த்தை லிங்கதுரை வாயில வராது'ன்னு.

காலு எப்படி வீங்குச்சுன்னுதானே கேக்கியோ? கடலுக்குள்ள போனேன். கடலுக்குன்னா கரையில நிக்குதது இல்ல, உள்ள. முதுகுல சிலிண்டரை மாட்டிக்கிட்டு, இருபது அடி ஆழத்துக்கு. அம்பத்தொம்பது வயசுல. தூத்துக்குடியில பொறந்து வளந்தும் முழங்காலுக்கு மேல கடல் தண்ணி பட்டது கெடையாது எனக்கு. எல்லாம் எம் மகளால வந்தது.

மக பேரு சுகந்தி. ஒத்தப் பிள்ளை. ஸ்கூல்ல படிக்கும்போதே நீச்சல்ல கப்பு கப்பா வாங்குவா. பி.காம் முடிச்ச கையோட கோவில்பட்டியில மாப்பிள்ளை பாத்துக் கட்டிக் குடுத்தேன். சொந்தமா எலக்ட்ரிக்கல் கடை. பீடி, சிகரெட்டு, தண்ணி ஒண்ணும் கெடையாது. ஜாதகம் எட்டுப் பொருத்தம். நீச்சல் கீச்சல் வேண்டாம்னு அந்த அம்மா, மாப்பிள்ளையோட அம்மா, சொன்னாவ. சரி, விட்டுட்டாப் போச்சு, வீட்டுக்குள்ள என்ன குளமா இருக்குன்னேன். வேலைக்குப் போக வேண்டாம்னாவ. அதுவும் சரி. சுகந்திங்கிற பேரு ராசி இல்ல, வேற பேரு வச்சிக் கூப்பிடுதோம்னாவ. என்ன பேருன்னு எனக்கே மறந்துட்டு. எல்லாத்துக்கும் நான் முன்ன நின்னு சரின்னு சொல்லிக் குடுத்தேன். கல்யாணம்னா முன்னப்பின்னதான் இருக்கும்.

அதுல ஒரே ஒரு சின்ன விசயம். மாப்பிள்ளைக்குக் கோவம் வந்தாப் பேச மாட்டாரு.

அடிக்கிறது கெடையாது அண்ணாச்சி. ஒரு வார்த்தை வையுததும் கெடையாது. பேச மாட்டாரு, அம்புட்டுதான். முதல் தடவை பதினோரு நாளு. ரசத்துல என்னமோ கூடிட்டாம். பொறவு ஒருக்க நாப்பது நாளு. கடைசியா இவ சிநேகிதி கல்யாணத்துக்குச் சொல்லாமப் போயிட்டான்னு மூணு மாசம். சோறு வேணும்னா தட்டை டொக்குன்னு வைப்பாரு. சட்டை வேணும்னா அலமாரியத் தட்டுவாரு. அந்த அம்மாவும் மகன் பேசாதப்பம் பேசாது. மூணு பேரு இருக்க வீடு, ஃபேன் ஓடுற சத்தம்தான் கேக்கும்பா இவ. நான் சொன்னேன், 'ஏளா, ஊருல எத்தனை பொம்பளை புருசன் வாயை மூட மாட்டானான்னு ஏங்குதா, நீ குடுத்து வச்சவ'ன்னு. சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல.

மூணு வருசம் அங்க குடும்பம் நடத்திட்டு, எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு நாளு கெளம்பிப் பாண்டிச்சேரிக்குப் போயிட்டா. கூடப் படிச்ச பிள்ளை ஒண்ணு அங்க இருக்கு. அங்கன கடலுக்குள்ள ஆளுகளைக் கூட்டிட்டுப் போயி மீனு காமிக்கிற ஒரு சென்டர். அதுல படிச்சு, பரீட்சை எழுதி, இப்பம் இவதான் ஆளுகளைக் கூட்டிட்டுப் போறா.

நான் மாப்பிள்ளைகிட்ட வாக்குக் குடுத்தேன், 'சனிக்கிழமைக்குள்ள கையோட கூட்டிட்டு வந்து உங்க வீட்டு வாசல்ல நிப்பாட்டுதேன்'னு. எங்க வீட்ல மட்டும், 'போயிப் பாத்துட்டு வாங்க, கூப்பிடாதீங்க'ன்னு சொன்னா. பாத்துட்டு மட்டும் வாறதுக்கு எதுக்குப் பஸ் ஏறணும்? பொம்பளைகளுக்கு இதெல்லாம் புரியாது.

போனேன். பிள்ளை கருத்துப் போயிட்டா. முடியை ஒட்ட வெட்டியிருக்கா. சாப்பாடு மட்டும் ரெண்டு ஆளு சாப்பாடு சாப்புடுதா, அதைப் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. நான் பேச்சை எடுத்த உடனே சொன்னா, 'அப்பா, நான் என்ன வேலை பாக்கேன்னு ஒரே ஒரு தடவை எங்கூட வந்து பாருங்க. அதுக்குப் பொறவு நீங்க சொல்லுத எல்லாத்தையும் உக்காந்து கேக்கேன். நடுவுல வாயத் தொறக்க மாட்டேன்.' இது நல்ல ஏவாரமால்லா இருக்குன்னு ஒத்துக்கிட்டேன். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிக் கையெழுத்து வாங்குனா. நீச்சல் குளத்துல ஒரு நாளு முழுக்க வாயால மூச்சு விடச் சொல்லிக் குடுத்தா. எல்லாம் நல்லாத்தான் போச்சு. மறுநாளு அந்தச் செருப்புல வந்துதான் நின்னுச்சு.

ஃபின்ஸுன்னு சொல்லுதாங்க. நான் வாத்துச் செருப்புன்னுதான் சொல்லுவேன். முன்னால ரெண்டு அடி நீளத்துக்கு ரப்பர் அகப்பை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். பின்னால ஷூ மாதிரி, கால் நொழையுற எடம். கடலுக்குள்ள அதைப் போட்டு உதைச்சாத்தான் ஆளு நகரும்.

சுகந்தி கீழ குத்தவச்சி, 'காலை நீட்டுங்கப்பா, அளவு பாக்கேன்'னா. எனக்கு அளவா? 'ஏளா, நாப்பது வருசமா அப்பா காலு எட்டு, தெரியாதா உனக்கு'ன்னேன். 'வயசானா காலு பரத்தும்ப்பா, ஒம்பதரை எடுத்துத் தாறேன்'னா. செருப்புக் கடைக்காரனுக்குச் செருப்புச் சொல்லிக் குடுக்கா! எட்டுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்குனேன்.

போட்டேன். போகல. அது புதுச் சரக்கு, வெறப்பா இருக்கும், அதுக்கு நமக்கு வழியா தெரியாது? ஒரு வாளி வெந்நீர் கொண்டாரச் சொல்லி அரை மணி நேரம் ஊற வச்சேன். ரப்பர் இளகுச்சு. சோப்பு நொரையைப் போட்டு, கரண்டிக் காம்பை ஷூ ஹார்ன் மாதிரி வச்சித் தள்ளுனேன். எடது காலு போயிட்டு. வலது காலு விரலோட நின்னுட்டு. எல்லாருக்கும் ஒரு காலு கொஞ்சம் பெருசா இருக்கும் அண்ணாச்சி, பெரிய காலுக்குத்தான் செருப்பு எடுக்கணும், வாற ஆளுகளுக்கெல்லாம் நானே சொல்லியிருக்கேன். சரி, நமக்கு ரெண்டு காலும் ஒண்ணுதான்னு நெனைச்சிட்டேன்.

ஒரு பிளேடை எடுத்துக் குதிகால் பக்கமா ஒரு கீறு கீறுனேன். ஒரே ஒரு இஞ்சு. 'அப்பா, அது சென்டர் சாமான்'னு ஓடி வாறா. வாறதுக்குள்ள முடிஞ்சிட்டு. காலு உள்ள போயிட்டு. ஆனா கீறுன உடனே லூசாயிட்டு, நடந்தாக் கழண்டு வருது. அதுக்கு என்ன? பக்கத்துச் சைக்கிள் கடையில பழைய டியூப் கேட்டு வாங்கி, வளையம் வளையமா வெட்டி, உள்ளங்கால்லருந்து கணுக்காலுக்கு எட்டுப் போட்டு இழுத்து மாட்டுனேன். வலதுக்குப் போட்டா எடதுக்கும் போடணும்லா, பாக்க ஒண்ணுபோல இருக்க வேண்டாமா? டியூப் தோலை அறுக்குது. அதுக்கு ஒரு ஸ்பாஞ்சு, பாத்திரம் தேய்க்கிறதுதான், புதுசு, வெட்டி உள்ள திணிச்சேன்.

எந்திரிச்சு நின்னு நாலு எட்டு வச்சேன். ஃபிட்டிங் கரெக்ட்டு.

சுகந்தி அதையே பாத்துக்கிட்டு நின்னா. 'அப்பா, வலிக்கா?'ன்னா. இல்லைன்னேன். 'ஒம்பதரை ரெடியா இருக்குப்பா. இல்லாட்டி ஒண்ணுமே போட வேண்டாம், நான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்'னா. காலுக்கு ஒண்ணும் போடாம எங்க போறது? 'இதுக்கு இம்புட்டுப் பாடு பட்டிருக்கேன், இனி மாத்த முடியாது'ன்னு சொல்லிட்டேன். அவ சிலிண்டரைத் தூக்கிப் போட்டுல ஏத்தப் போயிட்டா.

போட்டுல ஒரு மணி நேரம். வழியில கையால பேசுததைத் திரும்பவும் சொல்லிக் குடுத்தா, தண்ணிக்குள்ள வாயால பேச முடியாதுல்லா. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமா சேத்துக் காமிச்சா ஓகே. அவ காமிப்பா, நல்லா இருக்கியளான்னு கேக்கான்னு அர்த்தம். நல்லா இருந்தா நானும் அதையே காமிக்கணும். ஏதாவது சரியில்லைன்னா உள்ளங்கையை விரிச்சு இப்படி ஆட்டிட்டு, எங்க சரியில்லையோ அங்க தொட்டுக் காமிக்கணும். அம்புட்டுதான் பாஷை. 'பொய் மட்டும் சொல்லக் கூடாதுப்பா'ன்னு வேற சொன்னா. தண்ணிக்குள்ள போயி எவன் பொய் சொல்லுவான்?

எறங்குனோம். ஒரு கயிறு தொங்குது, அதைப் பிடிச்சுப் பைய பைய. சுகந்தி எனக்கு எதுத்தாப்புல, என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு, அவ பின்பக்கமா போறா, கண்ணை என் மேலருந்து எடுக்கல. சத்தமே இல்ல அண்ணாச்சி. நம்ம மூச்சு மட்டும் கொடகொடன்னு கேக்கும். ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கக் கையைக் காமிக்கா. ஓகேயா? ஓகே. இன்னும் கொஞ்சம் எறங்குவோம், உடனே கை. ஓகேயா? ஓகே. அந்தப் பிள்ளை சின்னதுல இருந்து இந்த மாதிரி கண்ணைப் பாத்து என்னைய யாரும் கேட்டதும் இல்ல, நான் யாரையும் கேட்டதும் இல்ல.

கீழ போன பொறவு வலது காலு இருக்கா இல்லையான்னே தெரியல. டியூப் ரத்தத்தைப் பிடிச்சிட்டு. எடது கெண்டைச் சதை சுருட்டி இழுக்குது. உதைக்கப் பாக்கேன், வாத்துச் செருப்பு ஒரு பக்கம் போவுது, நான் ஒரு பக்கம் போறேன். அவ கையைக் காமிக்கா. ஓகே. ஸ்பாஞ்சு நழுவி வெளிய வந்து பச்சையா மெதக்குது. நாலஞ்சு சின்ன மீனு வந்து அதைக் கடிச்சுப் பாக்குது. அவ கையைக் காமிக்கா. ஓகே. வலியில கண்ணு இருட்டுது. அப்பமும் ஓகே. பதினாலு தடவை ஓகே காமிச்சேன், ஒரு தடவைகூட விட்டுக் குடுக்கல.

பதினஞ்சாவது தடவை அவ கையைக் காமிக்கல. நேரா என் காலுக்குப் போயிட்டா. இடுப்புல சொருகியிருந்த கத்தியால டியூபை அறுத்தா, ரெண்டு செருப்பையும் உருவிக் கக்கத்துல வச்சா. என் காலைத் தூக்கி அவ மடியில வச்சி, விரலைப் பின்னுக்கு மடக்கி, கெண்டைச் சதையை நீவி விட்டா. முப்பத்தொரு வருசம் அடுத்தவங்க காலை என் மடியில வச்சவன் நான். என் காலை ஒருத்தர் பிடிச்சது அன்னைக்குத்தான். பொறவு என்னைய அணைச்சுப் பிடிச்சு அவளே உதைச்சுக் கூட்டிட்டுப் போனா. சும்மா சொல்லக் கூடாது, வெறுங்காலோட போனது சுகமாத்தான் இருந்துச்சு. மஞ்ச மீனு கூட்டமா வந்துச்சு. ஆனா ஒண்ணு, அது வரைக்கும் அந்தச் செருப்பு தாங்குச்சுல்லா? இருபது அடி ஆழத்துக்குக் கொண்டு சேத்துச்சுல்லா? அதை அவ ஒத்துக்கிடவே மாட்டேங்கா.

போட்டுல ஏறுன உடனே கேட்டா, 'எத்தனை தடவை கேட்டேன்ப்பா? எதுக்கு எல்லாத்துக்கும் ஓகே காமிச்சீங்க?'

'நீ பயந்துரக் கூடாதேன்னுதான்'னு சொன்னேன்.

அவ கடலைப் பாத்துக்கிட்டே, 'நானும் அதுக்குத்தான்ப்பா. மூணு வருசமா போன்ல நீங்க நல்லா இருக்கியான்னு கேக்கும்போதெல்லாம்'ன்னா. என்னத்தச் சொல்ல வந்தான்னு தெரியல. மோட்டார் சத்தம் வேற. நானும் கேக்கல.

சாயந்தரம் சொன்ன சொல்லு மாறாம வந்து எதுக்க உக்காந்தா. நான் ஒண்ணரை மணி நேரம் பேசுனேன். பழகப் பழக எல்லாம் சரியாயிரும்னேன். எங்கதான் இல்லைன்னேன். அந்த அம்மா எத்தனை நாளைக்கு இருக்கப் போவுதுன்னேன். நடுவுல ஒரு வார்த்தை பேசல. நான் முடிச்ச பொறவு சொன்னா, 'வாறேம்ப்பா. ஒரே ஒரு கண்டிஷன். அவரே எனக்குப் போன் பண்ணி ஒரு பத்து நிமிசம் பேசட்டும். என்ன வேணாலும் பேசட்டும், வையட்டும். பேசுனா அடுத்த பஸ்ல வாறேன்.'

எனக்குச் சந்தோசம் தாங்கல அண்ணாச்சி. இம்புட்டுதானா! ஒரு போனு! இதுக்குப் போயி எட்டு மாசமான்னு சிரிச்சிட்டேன். அவளும் சிரிச்சா. எங்கிட்ட நல்ல மொறையில சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

இன்னைக்குக் காலையில ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுல நின்னு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். எடுக்கல. தூங்குத நேரமா இருக்கும்னு, வாட்ஸப்புல பேசி அனுப்புனேன். 'மாப்ளே, கூட்டிட்டு வரல, ஆனா காரியம் முடிஞ்ச மாதிரிதான், நீங்க ஒரு பத்து நிமிசம் அவகிட்டப் பேசுனாப் போதும்'னு. விழுப்புரத்துலயே ரெண்டு நீலக் கோடு விழுந்துட்டு. கேட்டுட்டாரு. பதில் இல்ல. உளுந்தூர்பேட்டையில போட்டேன், எடுக்கல. திருச்சியில ரெண்டு தடவை போட்டேன். அடிக்குது, அடிக்குது, நிக்குது. மேலூர் தாண்டும்போது திரும்பவும் போட்டேன், ஒரு ரிங் அடிச்ச உடனே கட் பண்ணுனாரு. அப்பம் கையிலதான போனு இருக்கு?

அஞ்சு தடவை அண்ணாச்சி. மணி பன்னெண்டரை ஆவுது. ஆறரை மணி நேரம்! நான் என்ன தப்புச் செஞ்சேன்? சொன்னாத்தானே தெரியும்? 'ஏன் வே கூட்டிட்டு வரல'ன்னு நாலு வார்த்தை வைஞ்சா வாங்கிட்டுப் போறேன். கேட்டாச்சுன்னு கோடு மட்டும் விழுது, மனுசன் கொரலு வரல. காலையிலருந்து ஒரு இட்லிகூட எறங்கல. என்னைய எதுல சேத்து வச்சிருக்காரு? நாய் வந்து நின்னாக்கூட 'சூ'ன்னாவது சொல்லுவாங்கல்ல? ஒரு மனுசனை ஆறரை மணி நேரம் இப்படி வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க.

என்ன அப்படிப் பாக்கியோ?

இல்ல, எதுக்கு என் மூஞ்சையே பாக்கியோ? நான் என்ன இப்பம் தப்பாச் சொல்லிட்டேன்? இம்புட்டு நேரமும் ஆமா போட்டுக்கிட்டுத்தான வந்தீங்க? அண்ணாச்சி. எதுக்கு ஜன்னல் பக்கம் திரும்புதீங்க? இங்க பாருங்க. வைஞ்சாலும் பரவாயில்ல. ஏதாவது பேசுங்க.